அட்டகட்டி நம்பர்

தொண்ணூற்றாறாம் வருஷம் கோயமுத்தூர்–வால்பாறை பஸ்ஸில் போய்வந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் பாலுசாமி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். மலையேறும் நாற்பது வளைவிலும் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிப்பார். பாக்கிச் சில்லறையை அப்புறம் வாங்கிக்கொள்ளச் சொல்லும் வழக்கமே கிடையாது, கையோடு கொடுத்துவிடுவார். எண் என்றால் தனக்கு அடக்கம் என்று அவருக்கு ஒரு மிதப்பு உண்டு. சும்மா சொல்லக்கூடாது, இருக்க வேண்டிய மிதப்புதான். ஆனால் மனுஷனைக் கவிழ்த்ததும் அதுதான்.

ஒரு நம்பர் லாட்டரி ஊரையே ஆட்டிவைத்த காலம். சீட்டின் கடைசி எண் ஒன்று ஒத்துப்போனால் போதும், பரிசு. மலைப்பாதையில் அட்டகட்டி நிறுத்தத்தில் தான் கடைசியாகக் கிழித்த பஸ் டிக்கெட்டைப் பாலுசாமி ஒருநாள் பார்த்தார். அதன் கடைசி எண்தான் இன்றைக்கு அடிக்கும் என்று என்னவோ தோன்றியது. வால்பாறையில் இறங்கி அந்த எண்ணில் சீட்டு வாங்கினார். சாயங்காலம் திரும்பி வந்தால், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் லாட்டரிக் கடைப் பலகையில் அதே எண்! அவ்வளவுதான், அன்றைக்குப் பிடித்தது சனியன்.

அடிக்காத நாளுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. "அந்தம்மா கொழந்தைக்கு அரை டிக்கெட் வாங்குச்சு, அதுல நம்பரு தள்ளிப்போச்சு" என்பார். அரை டிக்கெட் இல்லாத நாளில், டிக்கெட்டே எடுக்காமல் வந்த போலீஸ்காரர்மேல் பழி விழும்.

சம்பளம் கரைந்தது. மனைவி மயிலாத்தாளுக்கு அவள் அப்பன் காங்கேயத்திலிருந்து சீராக ஓட்டிவிட்ட மயிலைப் பசுவும் போனது. பசு போன அன்று அவள் அழவில்லை. தன் துணியையும் மகள் துணியையும் டிரங்குப் பெட்டியில் அடுக்கிக் கதவோரம் வைத்தாள்.

"ஏனுங்க, நல்லாக் கேட்டுக்குங்க. இனி ஒரு சீட்டு வாங்கினீங்கன்னா நானும் புள்ளையும் காங்கேயத்துக்குப் பஸ் ஏறிப்போடுவோம். அப்பறம் கூப்புட்டாலும் வரமாட்டனுங்க."

சொன்னால் செய்கிறவள் அவள். அது பாலுசாமிக்கும் தெரியும். சத்தியம் செய்து செய்து, அவர் சத்தியத்தில் அவருக்கே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. டிரைவர் வெங்கடபதிதான் விசாரித்து, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மனநல கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எனக்கென்னங்கண்ணா, பைத்தியமா?" என்று பாலுசாமி மாடிப்படியிலேயே முரண்டு பிடித்தார்.

"பொண்டாட்டி மாட்டை வித்துப்போட்டு நிக்கறவனுக்குப் பேச்சைப் பாரு! ஏறு மேல."

ஆலோசகர் நிலோஃபருக்கு முப்பது வயதுகூட இருக்காது. புத்தி சொல்லத்தான் போகிறார் என்று பாலுசாமி தலையைக் குனிந்து உட்கார்ந்தார். அவரோ, "நம்பரை எப்படிங்கண்ணா கண்டுபுடிக்கிறீங்க?" என்று கேட்டார். இத்தனை நாளில் யாருமே கேட்காத கேள்வி! பாலுசாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அட்டகட்டியில் ஆரம்பித்துப் போலீஸ்காரர்வரை விளக்கினார். நிலோஃபர் சிரிக்கவே இல்லை.

"சரிங்கண்ணா, சோதிச்சுப் பாத்துரலாம். சீட்டு மட்டும் வாங்காதீங்க. அட்டகட்டியில நம்பரை டிரைவரண்ணன்கிட்ட வாய்விட்டுச் சொல்லிருங்க. அரை டிக்கெட், போலீஸ்காரர், எந்தக் காரணமா இருந்தாலும் அங்கேயே சொல்லிரணும். பலகையைப் பாத்ததுக்கு அப்பறம் சொல்ற காரணம் செல்லாது."

"வாங்கியே ஆகோணும்னு மனசு அடிச்சுக்கிச்சுன்னா?"

"அது என்ன சொல்லுதுன்னு அதையும் வாய்விட்டுச் சொல்லுங்க. அது நெசந்தானான்னு நீங்களே கேளுங்க. சித்த நேரம் பொறுத்தீங்கன்னா அந்த வேகம் தானா எறங்கிருங்கண்ணா."

எறங்குமா! முதல் நாள் வால்பாறையில் வாங்கிய டீயைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். லாட்டரிக் கடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. வெங்கடபதி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பஸ் கிளம்பும் நேரத்துக்குள் அந்த வேகம் நிஜமாகவே இறங்கிவிட்டது. பாலுசாமியால் நம்பவே முடியவில்லை.

நாள் தவறாமல் அட்டகட்டியில் எண்ணைச் சொன்னார். நாள் தவறாமல் பொள்ளாச்சிப் பலகையில் வேறு எண் இருந்தது. அரை டிக்கெட் என்று வாயெடுத்தால் போதும், "செல்லாது!" என்பார் வெங்கடபதி. கொஞ்ச நாளில் பாலுசாமி வாயெடுப்பதையே விட்டுவிட்டார். "இத்தனை நாளும் என்றகிட்டயே நான் பொய் சொல்லீட்டு இருந்திருக்கறேன், அம்மணி" என்று நிலோஃபரிடம் போய்ச் சொன்னார். அதைச் சொல்லத் தனி தைரியம் வேண்டும்.

அப்புறம்தான் வந்தது அந்த நாள். அட்டகட்டியில் "ஏழு" என்று சொல்லியிருந்தார். சாயங்காலம் பொள்ளாச்சிப் பலகையில் பெரிதாக ஏழு!

ஐயோ, இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் பாழாகிவிடுமோ என்று வெங்கடபதி கண்டக்டர் முகத்தையே பார்த்தார். பாலுசாமி பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணா, மனசு என்ன சொல்லுதுன்னா, இன்னைக்கு வாங்காம உட்டது தப்பு, நாளைக்கு உடாம வாங்குங்குது."

"நீ என்ன சொல்றே?"

"இருக்கறதே பத்து நம்பருங்க. தெனமும் ஒண்ணைச் சொல்லீட்டே இருந்தா என்னைக்காவது ஒருநா உழுகத்தானுங்க செய்யும். வண்டியை எடுங்க, நேரமாச்சு." விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள் ஒரு ஊது, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மறைக்காமல் சொன்னார்: "மயிலு, இன்னைக்கு என்ற நம்பரு அடிச்சிருச்சு."

அவள் பார்வை கதவோரத்துப் பெட்டிக்குப் போனது.

"நான் வாங்குல புள்ளே. நம்பரைச் சொன்னேன், அவ்வளவுதான்."

மயிலாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பொய் சொன்னால் அவர் கை தன்னால் சட்டைப் பொத்தானைத் திருகும், அவளுக்குத் தெரியும். கை சும்மா இருந்தது. விடுவிடுவென்று வாசலுக்குப் போய், தெருவே கேட்கும்படி எதிர்வீட்டுப் பங்காரம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க பங்காரக்கா! எங்க ஊட்டுக்காரரு சொன்ன நம்பரு அடிச்சிருச்சுங்க! அவரு சீட்டே வாங்கலீங்க!"

"அட கெரகமே! வாங்கியிருந்தா பரிசு வந்திருக்குமே, அம்மணி!"

"வாங்கியிருந்தார்னா நான் இந்நேரம் காங்கேயம் பஸ்ஸுல இருந்திருப்பனுங்க!" என்று சொல்லிச் சிரித்தாள் மயிலாத்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"ஏனுங்க, அந்தப் பெட்டியை எடுத்து அட்டாலி மேல போட்டிருங்க. போக வர காலுல இடிக்குது."