என் வயலில் தேறிய புழுக்கள்

கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பத்தொன்பது வருடமாக உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். பரிணாமம் எனக்குப் பிடித்த பாடம். பலகையில் ஒரு குரங்கை வரைந்து, படிப்படியாக நிமிர்த்தி மனிதனாக்கி, கடைசியில் அவன் கையில் ஒரு சாக்பீஸ் கொடுப்பேன். உயிர்களின் உச்சம் உயிரியல் வாத்தியார்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மணலூர்பேட்டைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. மூன்று வருடமாகத் தொடர்ந்து மக்காச்சோளம் போட்டேன். முதல் வருடம் குருத்துக்குள் படைப்புழு புகுந்தது. மருந்தடித்தேன், செத்தது. இரண்டாம் வருடம் அதே மருந்து, அளவு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. மூன்றாம் வருடம் அடித்துவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தால், புழுக்கள் குளித்து முடித்த மாதிரி பளபளவென்று பசியோடு இருந்தன.

எனக்கு உடனே விளங்கிவிட்டது: மருந்து போலி.

"கடையில போய் சண்ட போடப் போறீங்களா? மருந்து மேலதான் தப்புன்னு இன்னா நிச்சயம்?" என்றாள் என் மனைவி.

"நான் பயாலஜி வாத்தியாருடி."

"அதான் எனக்கு பயமா இருக்குது."

அவளுடைய டிபன் பாக்ஸிலேயே பதினைந்து புழுக்களையும் கொஞ்சம் சோள இலையையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சியில் திறந்தபோது பதினொரு புழுக்கள்தான் இருந்தன. வழியில் ஒன்றையொன்று தின்றிருந்தன.

மருந்துக்கடையை நடத்துவது ஒரு பெண்மணி. கூட்டம் நின்றிருந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

"போலி மருந்த வித்துக்கினு இருக்கீங்களே, நியாயமாம்மா?" என்று வகுப்பில் பேசும் குரலில் ஆரம்பித்தேன்.

"கத்தாதீங்க சார். இங்கியே போட்டுப் பாத்துருவோம்" என்றார் அவர்.

அதே மருந்தை அளந்து கலக்கி, சோள இலையை முக்கி எடுத்து, என் புழுக்களை அதன்மேல் விட்டார். அவை நிதானமாக இலையைத் தின்றன. வழக்கில் ஜெயித்தவன் மாதிரி சுற்றிலும் பார்த்தேன்.

அப்போது மலையிலிருந்து இறங்கி வந்து வரிசையில் நின்ற கரியாலூர்க்காரர் ஒருவர் பையிலிருந்து சில சோளத்தட்டைகளை எடுத்து நீட்டினார். "எம்மா, எங்க கொல்லையிலயும் இந்த மாதிரி ஒண்ணு பூந்துக்கினு இருக்குது. இன்னா புழுன்னு பாருங்க." தட்டைக்குள் இருந்தவையும் படைப்புழுக்கள்தான்.

"இதுக்கு முன்னாடி மருந்து எதுனா அடிச்சீங்களா?"

"மலையில நாங்க எதையும் அடிச்சதில்லீங்க."

கடைக்கார அம்மா அதே மருந்தில் இன்னொரு இலையை முக்கி அவருடைய புழுக்களை விட்டார். எல்லோரும் டீ சொல்லிக் காத்திருந்தோம். டீ முடிவதற்குள் மலைப்புழுக்கள் சுருண்டு விழுந்தன. என்னுடையவை அடுத்த இலைக்குப் போயிருந்தன.

"மருந்து நல்ல மருந்துதான் சார். மொத வருசம் சாவாம தப்பிச்சது ஒண்ணு ரெண்டு. அதுங்க பெத்த புள்ளைங்களுக்கும் அதே மருந்து. அதுலயும் தப்பிச்சதுங்க பெத்ததுதான் இதுங்க. பலவீனமானதெல்லாம் கழிச்சுட்டு, நீங்களே பொறுக்கி எடுத்து வளத்துருக்கீங்க."

இயற்கைத் தேர்வை விளக்குக: ஐந்து மதிப்பெண். வருடா வருடம் நான் கேட்கும் கேள்வி. படம் வரையாததற்கு அரை மதிப்பெண் மட்டுமே என்னால் குறைத்திருக்க முடியும்.

கரியாலூர்க்காரர் மரியாதையாகக் கேட்டார். "ஐயா இன்னா வேல பாக்குறீங்க?"

"கவர்மெண்ட் வேல" என்றேன். வாத்தியாரா, எந்தப் பாடம் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தமிழ் என்று சொல்லியிருப்பேன்.

"வருசா வருசம் சோளமே போட்டா, அதுங்களுக்குப் பந்தி போட்டுக்கினே இருக்குற மாதிரி. இந்தச் சோளத்த மடக்கி உழுதுட்டு உளுந்து போடுங்க" என்றார் அந்த அம்மா. புது மருந்து ஒன்று கேட்க வாயெடுத்தவன், கூட்டத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் டிராக்டர் விட்டு ஆழமாக உழுதோம். மண்ணுக்குள் தூங்கிய கூட்டுப்புழுக்கள் புரண்டு வெளியே வந்தன. கொக்கும் மைனாவும் டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து பொறுக்கித் தின்றன.

வரப்பில் நின்ற மனைவி கேட்டாள். "இந்த யோசன கடக்கார அம்மா சொன்னதா, நீங்க கண்டுபுடிச்சதா?"

"ரெண்டு பேருமா பேசி முடிவு பண்ணோம்."

அவள் சிரித்த சிரிப்புக்கு டிராக்டர்காரரே வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.