நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துத் திருத்தம்

விரல் அகலச் சீட்டில் பசையைத் தடவி, புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துகிறார் பஞ்சாட்சரம். பிறகு அடுத்த புத்தகம். வீட்டுக்குள்ளிருந்து யாராவது வருகிற சத்தம் கேட்டால், பசை, சீட்டு எல்லாம் தபால் பைக்குள் போய்விடும்.

நெல்லிவாசல்நாட்டில் ஒரு சிற்றூரின் தபாலாபீஸ் அவருடையது. அதாவது, அவர் வீட்டு முன்னறை. வேலை நாலு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் பாக். முந்நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் தேவாலய ஆர்கன் வாசித்து, இசை எழுதிக் குவித்த மனிதர். அவருடைய வாழ்க்கையையும் படைப்புகளையும் பதினான்கு வருடம் படித்து, தமிழில் புத்தகமே எழுதிவிட்டார் பஞ்சாட்சரம். ஷேர் ஜீப்பில் புளி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவர்கூட அவரிடமிருந்து தப்ப முடியாது.

"பெரிய வித்வான் ஒருத்தரு வாசிக்கறத கேக்கணும்னு நானூறு கிலோமீட்டர் நடந்தே போனாருங்க பாக்! நாலு வாரம் லீவு கேட்டுட்டு, நாலு மாசம் கழிச்சி வர்றாரு!"

"அங்கயும் நம்மூரு மாதிரிதான், பஸ்சு கெடையாது போல" என்பார்கள் ஜீப்பில்.

யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் இன்னா?" என்று கேட்பது அவர் வழக்கம். பக்கத்து ஊரில் மழை என்றால்கூட ஆதாரம் வேண்டும். ஆனால் ஆர்கன் விஷயத்தில் அவருக்கிருந்த ஒரே ஆதாரம், ஆலங்காயத்து மாதா கோயிலில் பார்த்த காலால் மிதிக்கும் ஆர்மோனியம். அதை நம்பி, பாக் இரண்டு காலாலும் காற்றடித்துக்கொண்டே வாசித்தார், என்ன உழைப்பு, என்ன உடல்வலிமை என்று நாலு பக்கம் உருகித் தள்ளிவிட்டார்.

போன மாதம் சென்னையிலிருந்து ரத்தினம்மாள் என்ற இசை ஆசிரியையின் கடிதம் வந்தது. முத்திரை குத்தியவரும் பஞ்சாட்சரமே, பிரித்தவரும் அவரே. பாக் வாசித்த ஆர்கனில் காலுக்கும் தனிக் கட்டைகள் உண்டு, கனத்த சுரங்களைக் கால்கள்தான் வாசிக்கும், துருத்தி மிதிக்கப் பின்னால் வேறு ஆட்கள் இருப்பார்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார் ஆசிரியை. அந்த மரியாதைதான் பஞ்சாட்சரத்தைக் கொன்றது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பரண்மேலிருந்து அச்சுக்குப் போன கைப்பிரதியை இறக்கினார். முழுவதையும் எடுத்தெழுதியவர் மனைவி செந்தாமரை. அந்த நாலு பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி. அதன்மேல் அவருடைய சிவப்பு மைக் கோடு. அதை அவள் எடுத்தெழுதிய அன்று நடந்தது அப்படியே நினைவுக்கு வந்தது.

"கொல்லன் ஒலையில துருத்தி மிதிக்கறவன் ஒருத்தன், சம்மட்டி அடிக்கறவன் ஒருத்தன். அவ்ளோ பெரிய வாத்தியத்துக்கு இவரு ஒரே ஆளா காத்தும் அடிச்சிக்கினு, எப்டிங்க வாசிப்பாரு?"

"ஒலையும் இதுவும் ஒண்ணா? உனக்கு இன்னா தெரியும்? எழுதுன்னா எழுது."

ரத்தினம்மாளுக்கு அன்றே நன்றிக் கடிதம் போட்டுவிட்டார். செந்தாமரையிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. உள்ளுக்குள் கூசியது.

இன்று அவள் வெறுங்காலோடு வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. குனிந்து ஒரு சீட்டை எடுத்து நிதானமாகப் படித்தாள். "பிழையைக் கண்டு சொன்ன ரத்தினம்மாளுக்கு நன்றி" என்ற கடைசி வரியில் விரல் நின்றது.

"யாருங்க இவங்க?"

"மெட்ராஸ்ல டீச்சரு. தப்ப அவங்கதான் கண்டுபுடிச்சாங்க."

"ஓ… அவங்களா" என்றாள். சீட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள். "பசை காயுது பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காது மடலெல்லாம் சுட்டது அவருக்கு. "செந்தாமர!" என்று கூப்பிட்டார்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல."

ஒட்டி முடித்த அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்துத் திறந்தார். சீட்டின் மூலையை நகத்தால் நெம்பி உரித்தார். அச்சும் சேர்ந்து பிய்ந்து வந்தது. பிய்ந்த இடத்தில் பேனாவை ஊன்றி, செந்தாமரை என்று எழுதினார்.