அவள் சொல்லாத மறுப்பு

"நெஞ்சு நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசி பற்றி விளக்கப்பட்டது. நோயாளி விரும்பவில்லை. வாயு மூலம் முழு மயக்கம். மொழிபெயர்ப்பு: கணவரின் தமையன்."

என் மனைவியின் மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, மயக்க மருத்துவர் எழுதிய குறிப்பு இது. கீழே இருக்கும் கையெழுத்து மனைவியுடையது. மூன்று வருடம் கழித்து, நோய் திரும்பி வந்த பிறகுதான் பிரதி கேட்டு வாங்கினேன்.

அன்று எனக்குக் காலை வேலை. டெர்மினை, மருத்துவரைச் சந்திக்கும் நேரத்தை, மாற்ற ஏலாது என்றார்கள். ஹனோவரில் எங்கள் ஆட்களுக்கு எல்லா அலுவலகத்திலும் டொச், அதாவது ஜெர்மன், கதைத்துக் கொடுப்பவர் அண்ணைதான். அவரை அனுப்பினேன்.

மனைவியிடம் கேட்டேன்: "ஊசியைப் பற்றி உம்மட்டக் கேட்டவையே?"

"டொக்டர் கனக்கக் கதைச்சவ. உங்கட அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, 'எல்லாம் வழமையானதுதான், பயப்பிடாதேங்கோ' எண்டார். நான் சைன் வச்சன்."

பிறகு கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். வாயு மயக்கமும் அபின் வகை வலி மருந்துகளும் உடம்பின் காவலைச் சில நாள் தளர்த்தக்கூடும், அந்த இடைவெளியில் மிஞ்சிய புற்றுநோய்க் கலங்கள் தப்பிவிடலாம் என்று சிலர் சந்தேகிக்கிறார்கள். நரம்பை மரக்கச் செய்தால் அந்த மருந்துகள் குறையும். அப்படி வித்தியாசம் எதுவும் காணவில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. இரண்டையும் குறித்து வைத்தேன். முதலாவதை மட்டும் அச்சடித்தேன்.

ஞாயிறு மதியம் போனபோது அண்ணை முற்றத்தில் காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்றிக்கொண்டிருந்தார். குறிப்பை நீட்டினேன்.

"ஏன் வேண்டாமெண்டனீங்கள்?"

அவர் நெடுநேரம் வாசித்தார். "டேய், மார்புக்குக் கிட்ட ஊசி எண்டு தம்பியின்ர மனிசிக்கு நான் எப்பிடிச் சொல்லுறது? வெக்கமாப் போச்சு."

"கலியாண வீட்டில உங்களிட்ட இருந்து மைக்கைப் பறிக்க ஏலாது. அண்டைக்கு மட்டும் வெக்கம் வந்திட்டுதோ?"

அச்சடித்த தாள்களையும் கொடுத்தேன்.

"அந்த ஊசி போட்டிருந்தா திரும்ப வந்திராதோ?" என்று கேட்டார்.

"வாசியுங்கோ. டொச் தெரிஞ்ச ஆள்தானே."

அவரின் முகம் வெளிறியது. எனக்கு இனித்தது. அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

அன்றிலிருந்து தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு அண்ணையின் அழைப்பு வருகிறது. "டொக்டரைக் கேட்டனியே?" இன்னும் இல்லை என்கிறேன். அது பொய். போன வியாழன் கேட்டேன். "அந்த மயக்கத்தால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது" என்றார் புற்றுநோய் மருத்துவர். மனைவியும் பக்கத்தில் இருந்தாள்.

"அந்த மனுசன் சாப்பிடுறேல்லையாம், அவற்ற மனிசி அழுறா. சொல்லிவிடுங்கோ" என்றாள் நேற்று.

"அண்டைக்கு அந்த ஊசியைப் பற்றி உமக்கு அவர் சொன்னவரே?"

"என்ர உடம்பு. கோபப்படுறதெண்டா நான் படுவன். நீங்கள் ஏன் அதையும் எனக்காகச் செய்யிறியள்?"

இன்று ஆறு மணிக்கும் தொலைபேசி அடித்தது. "இன்னும் கேக்கேல்லை" என்றேன்.

அந்த மயக்க வாயுதான் நோயைத் திருப்பிக் கொண்டுவந்ததா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிப்படுத்தப்படவில்லை.