எதிரொலியை எடுக்கச் சொன்னார்கள்

எங்கள் வீட்டின் பின்னறைக்கு ஜன்னல் உண்டு. நான்தான் மெத்தையை வைத்து அடைத்துவிட்டேன். பாட்டுப் பதிவு செய்கிற இடத்தில் தெருச் சத்தம் வரக் கூடாது, மின்விசிறியும் ஓடக் கூடாது. மைசூரில் புழுக்கமே கிடையாது என்று பெருமை பேசுகிறவர்களை அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும்.

அடைத்த அறையில் பாடிய குரலைக் கோயில் மண்டபத்தில் பாடியது போல ஆக்குவதுதான் அங்கே என் வேலை. கணினியில் அதற்கு ரிவெர்ப் என்று ஒன்று இருக்கிறது. ஒலி எவ்வளவு நேரம் நின்று அடங்க வேண்டும், அதைக் குரலோடு எவ்வளவு கலக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் திரையில் திருகு உண்டு. பக்திப் பாட்டு என்றால் எல்லாத் திருகையும் தாராளமாக ஏற்றிவிடுவது எங்கள் வழக்கம். எதிரொலி குறைந்தால் சாமி கும்பிட்ட மாதிரியே இல்லை என்பார்கள்.

அந்தத் தடவை அந்த வழக்கத்தைத்தான் மலை போல நம்பியிருந்தேன். பாடியது என் மனைவி. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பாடிய முதல் பாட்டு. அதற்கு முன் கல்யாணம், கோயில் திருவிழா என்று மேடை மேடையாகப் பாடியவள். குரல் மெல்லத் திரும்பும் என்றார் டாக்டர். பாத்ரூமில் துணி துவைக்கும்போது மட்டும் பாடுவாள், கேட்க நன்றாகவே இருக்கும். திரும்பிவிட்டது என்று நினைத்தேன். பின்னறையில் மைக் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. மேல் சுரத்துக்குப் போனால் குரல் உடைந்தது. வரி முடியும் முன்பே மூச்சு தீர்ந்தது. நாலைந்து நாள் தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டு ரிவெர்பை ஏற்றினேன். உடைந்த இடமெல்லாம் மூடிக்கொண்டது. போட்டுக் காட்டியபோது, "பரவால்லைங்களே" என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

பாட்டு வேண்டும் என்று கேட்டவர் மாதேஸ்வரன் மலையில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் குழாய் ஸ்பீக்கர் கட்டி நாள் முழுக்க ஓட விடுவார். அனுப்பிய மறுநாள் காலையில் போன் செய்தார். நான் குளித்துக்கொண்டிருந்ததால் மனைவி எடுத்து, நான் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, சாமி பேரே வெளங்க மாட்டேங்குதுங்க. கடைக்கு எதுக்கால மலை. நாம ஒண்ணு சொன்னா அது ரெண்டு தடவை சொல்லுது. நீங்க வேற எக்கோ போட்டிருக்கீங்க. அதைச் சுத்தமா எடுத்துப் போடுங்க."

பின்னணியில் என் மனைவியின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. மலைக்கே எதிரொலி செய்து அனுப்பிய புத்திசாலி நான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரொலியை எடுத்தால் அவள் தன் குரலைக் கேட்டுவிடுவாள். அப்புறம் வாயே திறக்க மாட்டாள். எடுக்காவிட்டால் அவர் வேறு யாரையாவது பாட வைப்பார். அதிலும் நொறுங்கப் போவது அவள்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொண்டு நின்றேன்.

"சாயந்திரம் பாத்து அனுப்பறேன்" என்றேன்.

"இப்பவே பண்ணிரலாம், வாங்க. நானும் கூட உக்காந்து கேக்கறேன்" என்றாள் மனைவி.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். ஹெட்போனை அவள் மாட்டிக்கொண்டாள். ஒலி நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தேன். "இன்னும்" என்றாள். மண்டபத்தைச் சின்னக் கூடமாக்கினேன். "எத்தனை மேடையில சவுண்ட் மிக்ஸர்காரங்களப் பாத்திருக்கேன், எனக்கேவா காது குத்தறீங்க? கலக்கறதக் கொறைங்க." எனக்கு வேர்த்து ஊற்றியது. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவள் என் கையை விலக்கி மவுஸைப் பிடித்து, திருகை அடிமட்டத்துக்கு இறக்கினாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் குரல் எங்கெங்கே உடையும் என்பது மனப்பாடம். திரையில் அந்த இடம் நெருங்கியபோது பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

"எனக்குத் தெரியுங்க" என்றாள். "பாத்ரூம்ல பாடினா டைல்ஸ் எல்லாத்தையும் மூடிருது. அதான் வெளிய பாடறதில்ல. நீங்க போட்டுக் காட்டினப்ப, சரி, நெசமாவே வந்திருச்சுன்னு நெனச்சுட்டேன்."

மவுஸை வாங்கிப் பாட்டை நிறுத்தினேன்.

"மத்தியானம் சுருதிய எறக்கி இன்னொரு தடவை பாடிப் பாக்கறேன். வரலைன்னா அவரு வேற ஆளப் பாக்கட்டும். கதவைத் தொறங்க, மூச்சு முட்டுது."

எழுந்தேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா இந்தக் குரல நீங்க மட்டும் இந்த ரூமுக்குள்ள உக்காந்து கேட்டுட்டு இருந்தீங்களா?" என்றாள்.