பின்வாசல் சாத்திய ஞாயிறு

என் தங்கையின் மூத்த மகனைக் குடும்பத்தில் எல்லோரும் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவோம். படித்து முடித்ததும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தான். ராட்சத ராட்டினத்துக்கு நிற்கிற கூட்டம் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது என்று கணக்குப் பார்க்கிற வேலையாம். "ஏறணும்னு நிக்கிறான். இதைச் சொல்ல ஒரு சம்பளமா?" என்று அவன் அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "வர்ற ஞாயித்துக்கிழமை வரிசையில நிக்கறவன் அரை மணிக்குள்ள ஏறணும். இல்லன்னா நீ வேற இடம் பாத்துக்க." அப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். இவனுக்கோ கல்யாணமான புதிது, வாடகை வீடு.

வெயிலில் ராட்டினத்தடியிலேயே கிடந்து பார்த்தான். வருகிறவர் எத்தனை, ஏறுகிறவர் எத்தனை, கூண்டுக் கதவுக்குக் கொக்கி மாட்ட எவ்வளவு நேரம் என்று எல்லாம் பார்த்தான். கடைசியில் கோளாறு பின்வாசலில் இருந்தது. இறங்குகிறவர்கள் போகிற அந்த வழியாக, டிக்கெட் கிழிப்பவரின் கொழுந்தியா, கொக்கி மாட்டுகிறவரின் பெரியப்பா மகன் என்று சொந்தமெல்லாம் நேராக ஏறிக்கொண்டிருந்தது.

"நாலு பேர் ஏறினா என்னடா குறைஞ்சிடும்?" என்றேன்.

"மாமா, கூண்டு காலியா சுத்தறப்ப நாப்பது பேர் ஏறினாலும் தெரியாது. வர்ற ஆளும் ஏறற ஆளும் சரிக்குச் சரியா இருக்கறப்ப நாலு பேர் நடுவுல புகுந்தா போதும், வரிசை வாசலைத் தாண்டிடும். அப்புறம் பொழுது சாயற வரைக்கும் குறையாது."

ஞாயிறு காலை பின்வாசலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இறங்குகிறவர்களை மட்டும் அவனே திறந்து வெளியே விட்டுப் பூட்டினான்.

அன்றைக்குப் பார்த்தா வரவேண்டும்? அவன் மாமனார், மாமியார், மச்சான், மச்சான் பெண்டாட்டி, அவள் தங்கை, பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். வழிகாட்ட என்னையும் இழுத்து வந்திருந்தார்கள். நேராகப் பின்வாசலுக்கே போனார்கள்.

"மாப்ள, கதவைத் திறங்க" என்றார் மாமனார்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. இன்னிக்கு எல்லாரும் வரிசையிலதான் வரணும்."

"எல்லாரும்னா? நாங்களுமா?"

மச்சான் குறுக்கே வந்தார். "டிக்கெட் கிழிக்கறவன்கூட அவன் மாமியாரை உள்ள விடறான். நீங்க இங்க பெரிய ஆபீசர்!"

"அவன் விடறதாலதான் மச்சான் இவ்வளவு கூட்டம்."

மாமியார் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

ஆபீஸ் மாடி ஜன்னலில் முதலாளி கடிகாரத்தோடு நின்றார். "அவன் பொழப்பு இதுல இருக்கும்மா" என்றேன். யார் காதில் ஏறியது?

மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி ஆளாகப் போய் நின்றார். சம்பந்தம் பேசிய நாளிலிருந்து எங்கள் வீட்டுக் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கல்யாண நாளுக்கு வருவதற்குள் கூண்டுக் கதவு திறந்துவிட்டது.

அவன் வேலை தப்பித்தது. ஆனால் மாமனார் அதற்குப் பிறகு இவன் வீட்டுப் படி ஏறவில்லை. சமாதானம் பேச நான்தான் போனேன்.

"அரை மணிகூட ஆகலையே சம்பந்தி, எண்ணி இருபத்தஞ்சு நிமிஷம்."

"எண்ணினானா? மாமனார் கால்கடுக்க நிக்கறதை எண்ணிக்கிட்டு வேற இருந்தானா?" என்று அவர் முன்னைவிட அதிகமாகக் குதித்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.