பிடித்துப் பார்க்காத இடக்கை

ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்து அரசாங்க மருந்துச்சாலை ஒன்றில் நோயாளரைப் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருந்தேன். அன்று காலையிலிருந்து காய்ச்சல்காரரைப் பார்த்துக் களைத்திருந்தேன். வயல்வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி வந்தாள்.

"புல்லுப் பிடுங்கேக்க இடக்கை சோர்ந்து விழுது, ஐயா. பரியாரியார் அந்தக் கையில நாடியே இல்லை எண்டு சொன்னவர்."

நாட்டு வைத்தியர்கள் பெண்களுக்கு இடக்கையில்தான் நாடி பார்ப்பார்கள். நான் என் பழக்கப்படி வலக்கையைப் பிடித்தேன். நன்றாகவே துடித்தது.

"நாடி இல்லாமலோ பிள்ளை நடந்து வந்தனீ?" என்று சிரித்தேன். வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். சத்துமருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சில மாதங்களில் அவள் வயலில் மயங்கி விழுந்தாள். யாழ்ப்பாணத்துப் பெரிய டாக்குத்தர்தான் கண்டுபிடித்தார். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் சுவரில் நெடுநாள் அழற்சி. அது தடித்து, இடக்கைக்கு இரத்தம் போகும் கிளையை அடைத்துவிட்டதாம்.

திரும்பி வந்தவள் கேட்காமலே இடக்கையை நீட்டினாள். மணிக்கட்டில் விரல் வைத்தேன். ஒன்றுமே இல்லை.

"இப்பவும் நடந்துதான் வந்தனான், ஐயா."

ஓய்வு பெறும்வரை, எவ்வளவு களைத்திருந்தாலும், வந்தவர்களின் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தேன். அன்றைய சிரிப்பைத்தான் திருப்பி எடுக்க முடியவில்லை.