மாப்பிள்ளையை இறக்கிவிட்ட பஸ்

எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த போட்டோ ஒன்றே ஒன்றுதான். அதில் மணப்பெண் லட்சணமாக இருக்கிறாள். நானோ மூட்டை தூக்கிவிட்டு நேராக மணமேடைக்கு வந்தவன் மாதிரி நிற்கிறேன். பட்டு வேட்டியில் முழங்காலுக்குக் கீழே கறுப்பு, இடது கன்னத்திலும் கறுப்பு. படம் பழசானதால் வந்த கறை என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். கறை இல்லை, அசல் அடுப்புக் கரி. அதற்குக் காரணம் என் தாய்மாமன்.

மாமா, டி. கல்லுப்பட்டியிலிருந்து மதுரைக்கு ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஆளுயர அடுப்பு ஒன்றை மாட்டி, கரியைக் கொட்டி, அதில் வரும் புகையில்தான் வண்டி ஓடும். ஓடும் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். அப்படிப்பட்ட வண்டியில் தகராறுக்குப் பஞ்சமா? மழைப் படுதாவை இறக்குவதா வேண்டாமா, பிந்தி வருகிறவருக்காக நிற்பதா கிளம்புவதா, எது வந்தாலும் மாமா ஒரே கேள்விதான் கேட்பார்: "இதுல எம்புட்டுப் பேருக்கு நல்லது? எம்புட்டுப் பேருக்குக் கெடுதல்?" வெறுமனே தலையை எண்ணவும் மாட்டார். ஒருநாள் வண்டியே சேர்ந்து கிளம்பு கிளம்பு என்று கத்தியபோது, கைப்பிள்ளையோடு வரப்பில் ஓடிவந்த ஒருத்திக்காக நிறுத்தினார். "உங்க எல்லாருக்கும் போறது அஞ்சு நிமிசம். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றார். இன்னொரு நாள், சேரியிலிருந்து வந்த ஒருவர் தன் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று பெரிய மனிதர் ஒருவர் குதித்தார். "அப்ப நீங்க நின்னுக்கங்க. அவருக்கு உக்காந்தா சுகம், உங்களுக்கு நின்னாத் திருப்தி. ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?" என்றார் மாமா. அந்த மனிதர் திருமங்கலம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். நியாயமென்றால் இதுவல்லவா நியாயம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது என் தலையில் விடியும் என்று யாருக்குத் தெரியும்?

எனக்குப் பெண் எடுத்தது கோச்சடையில். பெண் பார்க்கப் போனபோது ஒரே ஒரு தரம் பார்த்தேன். அதோடு எனக்கு வேறு பெண் கிடையாது என்று ஆகிவிட்டது. ஆனால் பெண்ணின் பெரியப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவருடைய மச்சினன் மகன் ஒருவன் உள்ளூரிலேயே இருந்தான்; பெண்ணை அவனுக்குக் கட்டிவைக்க அவருக்கு ஆசை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு தப்புச் செய்தால் போதும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். எங்கள் போதாத காலம், முதல் நாள் சாயங்காலம் நாங்கள் போக வேண்டிய பஸ் ஐப்பசி மழையில் ஓடவில்லை. மறுநாள் விடியுமுன்னே மாமாவின் பஸ்ஸில் எல்லோரும் ஏறினோம். பெண் வீட்டார் விருந்துக்கு அமர்த்தியிருந்த எங்களூர்ச் சமையல்காரரும் அண்டா குண்டாவோடு அதே வண்டியில் ஏறினார்.

திருப்பரங்குன்றத்து மலை கண்ணில் பட்ட இடத்தில் வண்டி நின்றது. கரி நனைந்திருந்ததால் வண்டிக்குப் பாரம் இழுக்கத் திராணி இல்லை. "எட்டுப் பேரு இறங்குனா மதுரை. இல்லேன்னா ஒருத்தருக்கும் மதுரை இல்ல" என்றார் டிரைவர்.

மாமா ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார்: "நீங்க போகலன்னா யாருக்கு என்ன கெடும்?" கோர்ட்டுக்குப் போகிறவரிடம், "வக்கீலு வாய்தா வாங்கிருவாரு, இறங்குங்கண்ணே" என்றார். எங்கள் ஆட்களில் நடக்கத் தெம்புள்ள ஆறு பேரை இறக்கினார். மீதி இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள், வயசாளிகள், சமையல்காரர், அம்மா, நான்.

"மாப்ள, நீ இறங்கு."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "ஏன்டா தம்பி, இவன நடுரோட்டுல விட்டுட்டு அங்க யாருக்குடா கல்யாணம்?"

"இவன் வர்ற வரைக்கும் தாலி காத்திருக்கும்க்கா. பசி காத்திருக்காது. சமையல்காரர் போகலன்னா முந்நூறு பேரு பட்டினி, அப்புறம் அடிதடிதான். அவரோட அண்டாவுக்குக் காலு இல்ல, இவனுக்கு இருக்கு. முகூர்த்தம் பத்தரை வரைக்கும் கெடக்கு."

"பத்தரை தாண்டிட்டா?" என்றேன்.

மாமா என் கையைப் பிடித்து ரோட்டில் இறக்கிவிட்டார். பிறகு, "ஓடு மாப்ள" என்றார்.

எங்கள் ஆட்கள் ஆறு பேரும் பின்னால் நடந்து வர, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் சேற்றில் ஓடினேன். ஓடிய நேரமெல்லாம் மாமாவைத் திட்டினேன், பெரியப்பாவின் மச்சினன் மகனையும் சேர்த்து. வழியில் கரி மூட்டை ஏற்றிக்கொண்டு கோச்சடைப் பக்கம் போகும் மாட்டு வண்டி ஒன்று கிடைத்தது. மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்காரர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு மாடுகளை விரட்டிய விரட்டில் மூட்டைகள் என் மேல் ஏறி உட்கார்ந்தன.

அங்கே மாமா வேறு ஒரு வேலை செய்து வைத்திருந்தார். சமையல்காரரை ஜட்காவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "மாப்பிள்ளை பின்னால கார்ல வாராரு" என்று கூசாமல் சொல்லியிருக்கிறார். பின்னாளில் இதைக் கேட்டபோது, "ஒரே ஒரு பொய்யி மாப்ள, முந்நூறு பேருக்கு நிம்மதி" என்றார். ஆக, காரை வரவேற்க மேளக்காரரும் பன்னீர்ச் செம்புமாகத் தெருமுனையில் ஒரு கூட்டமே நின்றது. கரி வண்டியைப் பார்த்ததும் பெரியப்பா, "ஏய், கார் வருது, ஓரமாப் போ!" என்று அதட்டினார். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து நான் எழுந்து கும்பிட்டேன். அவர் வாய் திறந்தபடியே நின்றது. கொல்லென்று சிரிப்பு. மாடியிலிருந்து வந்த சிரிப்புத்தான் மணப்பெண்ணுடையது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பத்தேகாலுக்குத் தாலி கட்டினேன்.

பந்தியில் உட்கார்ந்ததும் மாமாவைத் தேடினேன். இனி ஜென்மத்துக்கும் உங்களோடு பேச்சில்லை என்று சொல்வதற்காகத்தான். பாயசம் ஊற்ற வந்த சமையல்காரர் சொன்னார்: "அவரு பத்து மணிக்கே போயிட்டாருய்யா. திரும்புற வண்டிக்கு முப்பது பேரு காத்துக் கெடக்காகளாம், வேற கண்டக்டரு இல்லையாம். இலை போடுறேன்னேன், நேரமில்லன்னுட்டாரு." தாய்மாமன் போட வேண்டிய மாலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் கழுத்தில் கிடந்தது அதுதான். முந்நூறு பேர் வயிறு நிறையச் சாப்பிட்ட அந்த விருந்தில் மாமா ஒரு வாய் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

போட்டோ எடுக்கும்போது என் வலப்பக்கம் யாரோ வந்து நின்றார்கள். "தள்ளுங்க, அது என் தம்பி நிக்க வேண்டிய எடம்" என்றார் அம்மா. அதனால் படத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு அங்கே இடம் காலியாக இருக்கிறது.

மாமா போய்ப் பல வருஷம் ஆகிறது. பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கரியைப் பார்த்து அவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். சிரித்து முடித்ததும் என் கண் அந்தக் காலி இடத்துக்குப் போய்விடும். அன்றைக்கு பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் கேட்டார், நீங்கள் போகவில்லை என்றால் யாருக்கு என்ன கெடும் என்று. தான் இல்லாவிட்டால் எனக்கு எம்புட்டுக் கெடும் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: அந்த முப்பது பேரும் காத்துக் கிடக்கட்டும் மாமா.